‘வயிற்றுக்குள் கத்தரிக்கோல்’: எக்ஸ்ரேயில் தெரியும் அந்தக் கருவி எது?

ஆபரேஷன் செய்தபோது வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்ற செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. கூடவே ஓர் எக்ஸ்ரே படமும் வரும். அதில் இரண்டு வளையங்கள், அவற்றிலிருந்து நீளும் இரண்டு கால்கள், நடுவில் ஓர் இணைப்பு, எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பார்த்ததும் கத்தரிக்கோல் என்றுதான் யாருக்கும் தோன்றும். கேரளத்தில் 2017-ல் சிசேரியன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 2022-ல் எடுக்கப்பட்ட கருவியும் கத்தரிக்கோல் என்றே பேசப்பட்டது. உண்மையில் அது ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். அதற்கு வெட்டும் விளிம்பே கிடையாது. கவ்விப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை.

எந்தப் பெயரில் சொன்னால் என்ன என்று இதை விட்டுவிட முடியாது. கத்தரிக்கோல் வெட்டி முடித்ததும் மேசைக்குத் திரும்பிவிடும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் வேலையோ உள்ளேயே கவ்விக்கொண்டு நிற்பது. டாக்டர் கையை எடுத்த பிறகும் அது தன் பிடியை விடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு சாண் நீள எஃகுத் துண்டு எப்படி மறந்துபோகும் என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டிய முதல் இடம் அந்தக் கருவியின் அமைப்புதான்.

மேசையில் இருப்பவை

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிக்குப் பக்கத்தில் பச்சைத் துணி விரித்த ஒரு ட்ராலி நிற்கும். ஒரு பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு அதில் பல டஜன் கருவிகள் அடுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் செய்யும் வேலையை வைத்து நான்காகப் பிரிக்கலாம்.

1. வெட்டுபவை: கத்தி, கத்தரிக்கோல்.
2. பிடிப்பவை: ரத்தக்குழாயைக் கவ்வுபவை, திசுவைத் தூக்கிப் பிடிப்பவை, துணியை நோயாளி மேல் பொருத்தி வைப்பவை.
3. விலக்குபவை: வெட்டிய வாயை அகலமாகத் திறந்து வைக்கும் ரிட்ராக்டர்கள்.
4. தைப்பவை: நீடில் ஹோல்டர், ஊசி, நூல்.

உறிஞ்சுகுழாயும் மின்சாரத்தால் கருக்கும் கருவியும் இந்த நான்கில் அடங்காதவை. மேசையில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவை இரண்டாம் வகைக் கருவிகள்தான். ஒரு டாக்டருக்கு ஒரு நேரத்தில் ஒரு கத்தி போதும். ஆனால் ரத்தம் ஒரே சமயத்தில் பல இடங்களில் கசியும்.

கத்தி

இன்றைய கத்தியில் கைப்பிடி தனி, பிளேடு தனி. மார்கன் பார்க்கர் என்ற அமெரிக்கர் 1915-ல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பெல்லாம் ஒரே கத்தியைத் திரும்பத் திரும்பச் சாணை பிடித்துப் பயன்படுத்தினார்கள். இப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் உறையைப் பிரித்துப் புது பிளேடு மாட்டுகிறார்கள்.

பிளேடுகளுக்குப் பெயர் இல்லை, எண்தான். 10-ம் எண் தோலை நீளமாகக் கீற. 11-ம் எண்ணின் முனை கூராக இருக்கும், சீழ்க்கட்டியைக் குத்தித் திறக்க உதவும். 15-ம் எண் சிறியது, முகம், விரல் போன்ற நுணுக்கமான இடங்களுக்கு. இந்த மூன்றும் 3-ம் எண் கைப்பிடியில் மாட்டும். பெரிய வயிற்றுக் கீறலுக்கான 22-ம் எண்ணுக்கு 4-ம் எண் கைப்பிடி வேண்டும். பிளேடை விரலால் பிடித்து மாட்டக்கூடாது. கருவியால் கவ்வித்தான் கைப்பிடியின் காடியில் செருக வேண்டும். நர்ஸ் அதைக் கிட்னி ட்ரேயில் வைத்து நீட்ட, டாக்டர் ட்ரேயிலிருந்து எடுத்துக்கொள்வார். கத்தி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேராகப் போனால் கையுறை கிழியும், விரலில் கீறல் விழும், நோயாளியின் ரத்தத்தில் உள்ள கிருமி உள்ளே போகும்.

ஒரே சாயலில் மூன்று கருவிகள்

குழப்பத்துக்குக் காரணம் இந்த மூன்றும்தான். மூன்றுக்கும் விரல் நுழையும் வளையங்கள் உண்டு, நடுவில் இணைப்பும் உண்டு.

1. கத்தரிக்கோல். மேயோ என்பது தடித்தது. வயிற்றுச் சுவரின் உறுதியான சவ்வையும் தையல் நூலையும் வெட்டுவதற்கு. மெட்ஸன்பாம் என்பது மெலிந்தது, கால் நீளம், வெட்டும் பகுதி குட்டை. மென்மையான திசுவுக்கு மட்டுமே. மெட்ஸன்பாமால் நூலை வெட்டினால் கூர் போய்விடும் என்று தியேட்டர் சிஸ்டர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். நூலுக்குத் தனிக் கத்தரி கொடுத்துவிடுவார்கள்.

2. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். தியேட்டரில் சுருக்கமாக ‘ஆர்ட்டரி’. தாடைகளின் உட்புறம் குறுக்கு வாட்டில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். வளையங்களுக்குச் சற்று மேலே, இரண்டு கால்களிலும் ஒன்றை ஒன்று பார்த்தபடி ரம்பப் பல் போன்ற பூட்டு இருக்கும். விரலை அழுத்தினால் ‘கடக்’, இன்னும் அழுத்தினால் மறுபடி ‘கடக்’. ஒவ்வொரு சத்தத்துக்கும் பிடி ஒரு படி இறுகும். பூட்டிய பிறகு கையை எடுத்துவிடலாம். இதிலேயே மிகச் சிறியதுக்கு மஸ்கிட்டோ என்று பெயர். சுமார் 12 செ.மீ. நீளம் இருக்கும், நுனி மெலிந்தது, தோலுக்கடியில் கசியும் மெல்லிய நாளங்களைப் பிடிப்பதற்கு.

3. நீடில் ஹோல்டர். இதற்கும் பூட்டு உண்டு. ஆனால் தாடை குட்டையாக, தடித்து இருக்கும். உட்புறத்தில் குறுக்கு வரி இருக்காது, கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு இருக்கும். வளைந்த ஊசி எந்தக் கோணத்திலும் வழுக்காமல் நிற்பதற்காக இந்த ஏற்பாடு. தாடையில் டங்ஸ்டன் கார்பைடு பதித்த விலை கூடிய வகைக்கு வளையங்கள் தங்க நிறத்தில் இருக்கும்.

செய்திப் படத்தில் வளையங்களுக்குச் சற்று மேலே பாருங்கள். அங்கே பூட்டு தெரிந்தால் அது கத்தரிக்கோல் அல்ல.

இந்தப் பூட்டுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. ரத்தக்குழாயை வெட்டினால் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதுதான் ஐரோப்பாவில் வழக்கமாக இருந்தது. 16-ம் நூற்றாண்டில் பிரான்சின் அம்புருவாஸ் பாரே, கை கால் துண்டிக்கும் ஆபரேஷன்களில் சுடுவதை விட்டுவிட்டு, குழாயைக் கவ்வி இழுத்து நூலால் கட்டினார். அவர் பயன்படுத்திய கருவிக்குக் காக்கை அலகு என்று பெயர். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்சில் பேயானும் இங்கிலாந்தில் ஸ்பென்சர் வெல்ஸும் பூட்டுடன் கூடிய இன்றைய வடிவத்தைப் பரவலாக்கினார்கள். உதவியாளர் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டிய தேவை அதோடு ஒழிந்தது. பத்து இடத்தில் ரத்தம் வந்தால் பத்து ஆர்ட்டரிகளைப் போட்டுவிட்டு, பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகக் கட்டலாம். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனில் உயிர் பிழைப்பது சாத்தியமானதில் மயக்க மருந்துக்கும் கிருமி நீக்கத்துக்கும் அடுத்தபடியாக இந்தப் பூட்டுக்குப் பங்கு உண்டு. உள்ளே பத்து கருவிகள் ஒரே நேரத்தில் இருக்கும் நிலையும் இதனால்தான் வந்தது.

பிடியில் பல ரகம்

திசுவைப் பிடிக்கும் கருவிகளில் கவனிக்க வேண்டியது நுனியை. எதைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து நுனி மாறும்.

அலிஸ் ஃபோர்செப்ஸின் நுனியில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். வயிற்றுச் சுவரின் சவ்வு போன்ற வலுவான திசுவை அது விடாமல் பிடிக்கும். குடலை அதால் பிடித்தால் ஓட்டை விழுந்துவிடும். குடலுக்கும் அப்பென்டிக்ஸுக்கும் பேப்காக். அதன் நுனி வளைந்து, நடுவில் இடைவெளி விட்டு, பல் இல்லாமல் இருக்கும். குழாய் போன்ற உறுப்பை நசுக்காமல் வளைத்துப் பிடிக்கும். பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் கருக்குழாயைத் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். நுனியில் கூரிய பல் உள்ள கோக்கர், தைராய்டு பற்றிய பணிக்காக 1909-ல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்தின் தியோடோர் கோக்கரின் பெயரைத் தாங்கியது.

மருத்துவர்களின் பெயர் தாங்காத கருவிகள் பலவற்றுக்கு விலங்குகளின் பெயர். கொசு, முதலை, புல்டாக், எலும்பைப் பிடிக்கும் சிங்கம். இந்த வழக்கம் நம் நாட்டிலும் பழையது. வெட்டாத கருவிகளை யந்திரம் என்றும் வெட்டுபவற்றைச் சஸ்திரம் என்றும் பிரித்து, முன்னதில் 101, பின்னதில் 20 என்று கணக்குச் சொல்லும் சுச்ருத சம்ஹிதை, கவ்வும் கருவிகளுக்குச் சிங்கமுகம், காகமுகம் என்று பெயர் வைத்திருக்கிறது. 101-ல் தலையாயது கைதான் என்றும் சொல்கிறது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் சொல்லும் ‘சத்திர சிகிச்சை’யில் இருப்பது அந்தச் சஸ்திரம்தான்.

விலக்க, உறிஞ்ச, கருக்க

ரிட்ராக்டர் என்பது வளைந்த தகடு. சிறிய கீறலுக்கு லாங்கன்பெக், ஆழமான வயிற்றுக்கு டீவர். பயிற்சி டாக்டர்களின் முதல் வேலை பெரும்பாலும் இதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதுதான். தானாகவே விரிந்து நிற்கும் வகையும் உண்டு. உறிஞ்சுகுழாயின் நுனியை யாங்கவர் என்பார்கள்.

கருக்கும் கருவிக்குத் தியேட்டரில் காட்டரி என்று பெயர். நரம்பையும் தசையையும் துள்ள வைக்காத அளவுக்கு அதிர்வெண் கூடிய மின்சாரத்தைப் பாய்ச்சி, சிறிய ரத்தக்குழாய்களை அந்த இடத்திலேயே அடைத்துவிடும். வில்லியம் போவி உருவாக்கிய இந்தக் கருவியை 1926-ல் பாஸ்டனில் மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் முதன்முதலாக மூளை ஆபரேஷனில் பயன்படுத்தினார். காட்டரி வந்த பிறகு ஆர்ட்டரி போட வேண்டிய இடங்கள் குறைந்தன. ஆனால் பெரிய குழாயைக் கருக்கி அடைக்க முடியாது, அதைக் கவ்விக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ஒரு சிசேரியனில் எது எப்போது?

இந்தச் செய்திகளில் அடிக்கடி அடிபடுவது சிசேரியன் என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

1. வட்ட நுனி கொண்ட நீண்ட ஸ்பாஞ்ச் ஹோல்டரில் பஞ்சு கவ்வி, வயிறு முழுக்க கிருமிநாசினி தடவுகிறார்கள். துணிகளை விரித்து டவல் கிளிப்பால் பொருத்துகிறார்கள்.
2. அடிவயிற்றில் குறுக்காகக் கத்தி. கசியும் நாளங்களுக்கு ஆர்ட்டரி அல்லது காட்டரி.
3. தடித்த சவ்வை மேயோ கத்தரியால் திறக்கிறார்கள். அதன் விளிம்புகளை அலிஸோ கோக்கரோ பிடித்துக்கொள்ளும்.
4. சிறுநீர்ப்பையைக் கீழே தள்ளி மறைத்துக்கொள்ள அகலமான டாயன் ரிட்ராக்டர்.
5. கர்ப்பப்பையில் கத்தியால் சிறு கீறல். அதை விரலாலோ கத்தரியாலோ அகலப்படுத்துகிறார்கள். குழந்தை வெளியே வருகிறது. தொப்புள்கொடியில் இரண்டு கிளாம்ப், நடுவில் வெட்டு.
6. இந்தக் கட்டம்தான் பரபரப்பானது. கர்ப்பப்பையின் வெட்டுவாய் முழுக்க ரத்தம் பொங்கும். விளிம்புகளைச் சுற்றி நாலு இடத்தில் கிரீன் ஆர்மிடேஜ் ஃபோர்செப்ஸைப் போடுவார்கள். அகன்ற நுனியால் திசுவை நசுக்காமல் அழுத்தி ரத்தத்தை அடக்கும் கருவி இது. கல்கத்தாவின் ஈடன் மருத்துவமனையில் பணியாற்றிய விவியன் கிரீன் ஆர்மிடேஜின் பெயரைத் தாங்கியது. பல இடங்களில் அதற்குப் பதிலாக ஸ்பாஞ்ச் ஹோல்டரையோ அலிஸையோ போடுகிறார்கள்.
7. நீடில் ஹோல்டர், நூல். கர்ப்பப்பை, சவ்வு, தோல் என்று அடுக்கடுக்காகத் தையல்.

ஆறாவது கட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் கொடுக்கிறார்கள், நஞ்சுக்கொடி வெளியே வருகிறது, உறிஞ்சுகுழாய் ஓடுகிறது, டாக்டர் கையை நீட்டி நீட்டிக் கருவி கேட்கிறார். உள்ளே போன ஒவ்வொரு கருவியும் ரத்தத்தில் தோய்ந்து திசுவின் நிறத்துக்கு வந்துவிடும். திசுவைக் கவ்விய ஆர்ட்டரி கீழே விழாது, சத்தம் போடாது. குடலின் ஒரு மடிப்போ கொழுப்புத் திரையோ மேலே சரிந்தால் கண்ணுக்கும் தெரியாது.

எஃகைவிட ஆபத்தானது துணி

தலைப்புச் செய்தியாவது உலோகக் கருவி. நடைமுறையில் அதிகம் உள்ளே தங்குவது மாப் எனப்படும் துணிதான். ரத்தத்தை ஒற்றி எடுக்கவும் குடலை ஒதுக்கி வைக்கவும் இதை உள்ளே வைப்பார்கள். நனைந்ததும் சுருண்டு, திசுவைப் போலவே ஆகிவிடும். அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, பொருள் உள்ளே தங்கிய 54 நோயாளிகளின் பதிவுகளை அலசியது. கிடைத்த 61 பொருள்களில் 69 சதவீதம் துணி, 31 சதவீதம் கருவி.

அதனால்தான் பெரிய மாப்களின் மூலையில் ஒரு நாடா தைத்திருக்கும். மாப் உள்ளே போகும்போது நாடாவை வெளியே விட்டு, அதன் நுனியில் ஓர் ஆர்ட்டரியைப் பூட்டித் தொங்கவிடுவார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் நூலிழை ஓடும் துணிகளும் உண்டு. சாதாரணத் துணி எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், அந்த இழை இல்லாத துணியை வயிற்றுக்குள் வைப்பது தேடுவதற்கு இருக்கும் கடைசி வழியையும் அடைப்பதாகும்.

எண்ணுவது எப்படி, தவறுவது எங்கே?

கருவி கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும், கிருமி நீக்கிய வட்டத்துக்கு வெளியே நிற்கும் இன்னொரு நர்ஸும் சேர்ந்து, வாய்விட்டுச் சொல்லி எண்ண வேண்டும். ஆரம்பிக்கும் முன் ஒரு முறை, கர்ப்பப்பை போன்ற உறுப்பை மூடும் முன் ஒரு முறை, வயிற்றை மூடும் முன் ஒரு முறை, தோலைத் தைக்கும்போது ஒரு முறை. நடுவில் புதிதாக ஒரு கட்டு மாப் பிரித்தால் அதையும் உடனே பலகையில் ஏற்ற வேண்டும்.

“சிஸ்டர், மாப் கவுன்ட்?”

“பத்து போச்சு, பத்தும் வந்திருச்சு சார். இன்ஸ்ட்ருமென்ட் கரெக்ட். ஊசி நாலு, நாலும் இருக்கு.”

இந்தப் பதில் வந்த பிறகுதான் வயிற்றை மூட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலிலும், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் நர்ஸ் இதை வாய்விட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. டில்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலை நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது, ஆபரேஷனுக்குப் பிந்திய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

பிறகு ஏன் தவறுகிறது? அதே 2003 ஆய்வில் உள்ள ஒரு கணக்கு பலரையும் திடுக்கிட வைக்கும். பொருள் உள்ளே தங்கிய அந்த நோயாளிகளில், எண்ணிக்கை நடந்த ஆபரேஷன்களில் 88 சதவீதத்தில், பொருள் உள்ளே இருக்கும்போதே ‘கவுன்ட் சரி’ என்று பதிவாகியிருந்தது. எண்ணாமல் விட்டதைவிடத் தவறாக எண்ணியதுதான் அதிகம். அவசர ஆபரேஷனில் இந்த ஆபத்து சுமார் ஒன்பது மடங்கு. ஆரம்பித்த பிறகு திட்டம் எதிர்பாராமல் மாறினால் நான்கு மடங்கு. உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டியது.

ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு மேசை பார்க்கும் தியேட்டரில், நடுவில் டியூட்டி மாறினால், கருவியை வாய்க்குள் எண்ணி ‘சரி’ என்று எழுதும் பழக்கம் வந்துவிடும். இதை ஒரு தனிமனிதரின் கவனக்குறைவாக மட்டும் பார்ப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த இரண்டாவது ஆளை நியமிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

எண்ணிக்கை குறைந்தால் செய்ய வேண்டியது தெளிவானது. தைப்பதை நிறுத்த வேண்டும். தரை, குப்பைவாளி, துணி மடிப்பு, காலடி எல்லாம் தேட வேண்டும். டாக்டர் வயிற்றை மறுபடி கையால் துழாவ வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் நோயாளி மேசையில் இருக்கும்போதே எக்ஸ்ரே. மிகச் சிறிய தையல் ஊசிகள் மட்டும் எக்ஸ்ரேயிலும் தப்பிவிடுவதுண்டு.

உள்ளே தங்கினால் என்ன ஆகும்?

அந்தக் கேரளப் பெண் ஐந்து வருடம் கருவியை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி நடமாடினார் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. சாத்தியம்தான். கருவிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை, ஆட்டோக்ளேவில் 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கியவை. கிருமி இல்லாத உலோகத்தைச் சுற்றி உடல் நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடும். அதன் பிறகு அது பல வருடம் மந்தமான வலியாக மட்டுமே இருக்கலாம். சிசேரியன் ஆன பெண் வலி என்றால் தையல் வலி, மயக்க ஊசி வலி, வாயு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும் வழக்கமும் சேர்ந்தால் வருடங்கள் ஓடிவிடும். கருவியின் நுனி நகர்ந்து குடலையோ சிறுநீர்ப்பையையோ துளைக்கும் அபாயம் மட்டும் என்றைக்கும் இருக்கும்.

துணி அப்படிச் சும்மா இருக்காது. சீழ் கட்டும், குடலோடு ஒட்டும், ஸ்கேனில் கட்டி போலத் தெரிந்து புற்றுநோயோ என்று பயமுறுத்தும். உள்ளே உலோகம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைச் சொல்லியாக வேண்டும். காந்தம் சில வகை எஃகை இழுக்கும். ஒரு சாதாரண எக்ஸ்ரேயே கருவியைக் காட்டிவிடும்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது?

மகாராட்டிரத்தில் 1963-ல் ஓர் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் மாப் விடப்பட்டது. அவர் இறந்துபோனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது. மாப் உள்ளே இருந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி, எந்த டாக்டரின் கையில் தவறு நடந்தது என்று குடும்பம் நிரூபிக்கத் தேவையில்லை, மருத்துவமனையை நடத்தும் அரசு பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். இழப்பீட்டு வழக்குகளுக்கு இது பெரிய பலம்.

குற்ற வழக்கு என்றால் அளவுகோல் வேறு. டாக்டரைச் சிறைக்கு அனுப்ப, கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிகிச்சையில் கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு.

எந்த வழக்கிலும் முதலில் கேட்கப்படுவது கேஸ் ஷீட். நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. அந்தக் காகிதங்களில் ஆபரேஷன் குறிப்பு ஒன்று இருக்கும். மாப் எத்தனை, கருவி எத்தனை, ஊசி எத்தனை என்ற வரியும், எண்ணியவர்களின் கையெழுத்தும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.